பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பும் நிரலர்தம் தயக்கமும்

மக்கள் பேசும் மொழிகள் யாவும் காலந்தோறும் மாறிவருதல் கற்றோர் அறிந்ததே. ஒரு சொல் வழக்கு வீழ்தலும், மற்றொன்று அதனிடத்துத் தோன்றுதலும், பொருள் விரிதலும் சுருங்குதலும் எவருடைய ஆணைக்கும் காத்திராமல் மெல்ல மெல்ல நிகழ்வன. நன்னூலுடையாரும் இம்மாற்றத்தைக் குற்றமெனக் கொள்ளாது காலத்தின் இயல்பெனவே கொண்டனர். ஆனால், கணினிக்குக் கட்டளையிடும்பொருட்டு மக்கள் ஆக்கிக்கொண்ட செயற்கை மொழிகளின் நிலை வேறு. அவற்றிற்குப் பிறந்த நாள் உண்டு, ஆக்கியோன் உண்டு, பதிப்பெண் உண்டு. அவை மாறுவதும் நாள் குறித்து அறிவித்த பின்னரே. அங்ஙனம் அறிவிக்கப்பட்ட மாற்றத்தை அம்மொழியை வழங்குவோர் உடனே ஏற்றனரா எனின், எப்பொழுதும் ஏற்றனரல்லர். பைத்தான் என்னும் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பைப் பேணும் பணி 2020-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாளோடு முடிவுற்றது. இடைப்பட்ட பதினோராண்டுக் காலம் ஒரே பெயருடைய இரு மொழிகள் அருகருகே வாழ்ந்தன. புதியதே சிறந்தது என்று ஆக்கியோரே அறிவித்த பின்னரும், அறிவிற் குறைவில்லாத நிரலர் பலர் பழையதை விடாது பற்றிநின்றது ஏன்? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணினித்துறை மாணவர்க்கேயன்றி, மொழியையும் அதன் வரலாற்றையும் பயில்வார்க்கும் இதன்கண் அறியத்தக்கன உள என்பது எம் கருத்து.

முதற்கண் அம்மொழியின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். பைத்தானை ஆக்கியவர் நெதர்லாந்து நாட்டினராகிய கைடோ வான் ரோசம் என்பவர். ஆம்ஸ்டர்டாம் நகரில் கணிதத்திற்கும் கணினியியலுக்கும் உரிய ஆராய்ச்சி நிலையமொன்றில் பணிபுரிந்த இவர், 1989-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இதனை ஆக்கத் தொடங்கி, 1991-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உலகிற்கு வெளியிட்டார். பைத்தான் என்னும் சொல் மலைப்பாம்பைக் குறிப்பதாயினும், இம்மொழிக்கு அப்பெயர் வந்தது பாம்பினால் அன்று, பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிய ‘மான்ட்டி பைத்தான்’ என்னும் நகைச்சுவைத் தொடரினால் என்க. கற்போர்க்கு எளிதாகவும், எழுதியதைப் பிறர் படித்தற்குத் தெளிவாகவும் இருத்தல் வேண்டுமென்பது இம்மொழியின் குறிக்கோள். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அப்பதிப்பும் அதன் கிளைகளும் அறிவியலாராய்ச்சி, இணையத்தளம், பள்ளிப்பாடம் எனப் பற்பல துறைகளிலும் பரவி வேரூன்றின.

மூன்றாம் பதிப்பில் மாறியவை யாவை? எல்லாவற்றையும் ஈண்டு விரிப்பிற் பெருகும். மூன்றினை மட்டும் எடுத்துக்காட்டுவோம். முதலாவது, ஒன்றைத் திரையிற் காட்டுக என ஏவும் ‘பிரிண்ட்’ என்னும் கட்டளை. பழைய பதிப்பில் இச்சொல்லை எழுதி, அதன்பின் காட்டவேண்டியதை எழுதினாற் போதும். புதிய பதிப்பில் காட்டவேண்டியதைப் பிறை அடைப்புக்குள் இடுதல் கட்டாயம். இரண்டாவது, வகுத்தற் கணக்கு. 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பழைய பைத்தான் 3 என்று விடை தரும். இரண்டும் முழுவெண்களாதலின் விடையும் முழுவெண்ணாதல் வேண்டுமென்பது அதன் வழக்கு. புதிய பைத்தான் 3.5 என்று விடை தரும். மூன்றாவது, எல்லாவற்றினும் பெரியது, எழுத்தைப் பற்றியது.

இம்மூன்றும் ஒரே தன்மையன அல்ல என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். ‘பிரிண்ட்’ கட்டளையைப் பழைய முறையில் எழுதினால் புதிய பைத்தான் உடனே பிழையென்று அறிவித்து நின்றுவிடும். நிரலர் கண்டு திருத்துவர். பல்லாயிரம் இடங்களில் திருத்த நேரினும் அது கைவேலையே. வகுத்தலின் மாற்றமோ அத்தகையதன்று. நிரல் நில்லாமல் இயங்கும். விடை மட்டும் வேறாகும். சம்பளக் கணக்கிலோ மருத்துவ ஆய்விலோ 3 இருந்தவிடத்தில் 3.5 வந்து அமர்ந்தால், அதனைக் கண்டறியும்வரை நேரும் கேடு எத்துணை! ஓசையோடு முரணும் மாற்றத்தினும் ஓசையின்றி நுழையும் மாற்றமே அஞ்சத்தக்கது. பத்தாண்டுகளாக நன்கு இயங்கிவரும் நிரலொன்றை உடையவர் இதனை நினைந்து தயங்கினரெனின், அத்தயக்கத்தைச் சோம்பல் என்று இகழ்தல் தகாது.

இனி, எழுத்தைப் பற்றிய மாற்றத்தைச் சற்றே விரித்துரைப்போம். தமிழ் பயிலும் எமக்கு இம்முழுவரலாற்றினும் நெருங்கிய பகுதி இதுவே. கணினி அறிந்தது எண்ணொன்றையே. எழுத்தையும் எண்ணாக மாற்றியே அது தன்னகத்து வைக்கும். எண்களை வைக்கும் சிறுகலம் பைட்டு எனப்படும். ஒரு பைட்டில் 256 வெவ்வேறு மதிப்புகளுக்கே இடமுண்டு. 1960-களில் அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி என்னும் முறை 128 குறிகளை மட்டுமே உடையது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கும், அவற்றின் பெரிய வடிவங்களுக்கும், இலக்கங்களுக்கும், நிறுத்தக்குறிகளுக்கும் அது போதியதாயிற்று. 247 எழுத்துகளையுடைய தமிழுக்கோ, பல்லாயிரம் எழுத்துகளையுடைய சீனத்திற்கோ, மேற்குறியிட்ட எழுத்துகளையுடைய பிரெஞ்சுக்கோ அதில் இடமில்லை. இக்குறையை நீக்கவே உலக மொழிகள் யாவற்றின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு முறை எழுந்தது. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம் பெற்றது.

பழைய பைத்தான் யூனிகோடு தோன்றுமுன் உருவாகத் தொடங்கிய மொழி. ஆதலின் அதன்கண் சரம், அஃதாவது எழுத்துகளின் தொடர், என்பது உண்மையில் பைட்டுகளின் தொடரே. இரண்டாம் பதிப்பில் யூனிகோடு சரம் என்னும் மற்றொரு வகையும் சேர்க்கப்பட்டது. பழையதையும் புதியதையும் ஒருவர் ஒன்றாய்ச் சேர்த்தால், பைட்டுச் சரம் ஆஸ்கி முறையில் எழுதப்பட்டதாகவே இருக்குமென்று பைத்தான் தானே கருதிக்கொண்டு இணைத்துவிடும். எல்லா எழுத்தும் ஆங்கிலமாயின் இதனால் தீங்கில்லை. ஒரே ஓர் எழுத்து அந்த 128-க்கும் அப்பாற்பட்டதாயின், நிரல் இடைவழியில் பிழை கூறி நின்றுபோகும். இதன் விளைவு யாது? ஆங்கில எழுத்துகளால் தன் பெயரைப் பதிந்த மாணவனுக்குச் செவ்வனே இயங்கிய நிரல், அதே பெயரைத் தமிழெழுத்தால் பதிந்த மாணவனிடம் தடுக்கி விழும். நிரலை எழுதியவர் ஆங்கிலப் பெயர்களைக் கொண்டே சோதித்திருப்பராதலின் இப்பிழை அவர் கண்ணுக்குப் புலப்படாது. பிழை செய்தவர் ஒருவர், இடர்ப்பட்டவர் வேறொருவர்.

புதிய பைத்தான் இக்குழப்பத்தை அடியோடு களைந்தது. எழுத்து வேறு, பைட்டு வேறு என இருவகையாகப் பிரித்து, இரண்டும் தாமே கலவா என்று விதித்தது. ஒன்றை மற்றொன்றாக்க வேண்டுமெனின், எம்முறையில் ஆக்குதல் என்பதை நிரலரே சொல்லல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து எனச் சிறுவனை வினவினால் மூன்று என்பான். யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் எழுதப்பட்ட அச்சொல்லின் நீளத்தைப் பழைய பைத்தானை வினவினால் 15 என்னும். ஒவ்வொரு குறிக்கும் மும்மூன்று பைட்டுகளாக, அது கலத்தை எண்ணுகின்றது, எழுத்தை எண்ணவில்லை. புதிய பைத்தான் 5 என்னும். த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என யூனிகோடு தந்த ஐந்து குறிகளை அது எண்ணுகின்றது. பதினைந்திலிருந்து ஐந்துக்கு வந்தது பெரிய முன்னேற்றமே. ஐந்திலிருந்து மூன்றுக்கு வரவேண்டிய வழி இன்னும் எஞ்சியுள்ளது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இத்துணை நன்மையுடைய மாற்றத்தை ஏற்கப் பதினோராண்டு ஏன் வேண்டியதாயிற்று? காரணங்கள் பல. அவற்றுள் தலையாயது, நிரல்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்றல். எந்நிரலரும் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. கணக்கிற்கு ஒரு துணைத்தொகுதி, இணையத்தளம் அமைக்க ஒரு துணைத்தொகுதி, தரவுக் களஞ்சியத்தோடு உரையாட மற்றொன்று எனப் பிறர் எழுதியவற்றை வாங்கிக் கோத்தே தம் நிரலை அமைப்பர். அத்தொகுதிகளும் வேறு தொகுதிகளைச் சார்ந்தவை. பத்துத் தொகுதிகளுள் ஒன்பது புதிய பதிப்பிற்கு மாறி, ஒன்று மாறாதிருப்பினும் நிரல் பழைய பதிப்பிலேயே நின்றாக வேண்டும். அறிவியற் கணக்குகளுக்கு இன்றியமையாத நம்பை என்னும் தொகுதி 2010-இல் புதிய பதிப்பிற்கும் இடந்தந்தது. இணையத்தளம் அமைப்போர் பெரிதும் கையாளும் ஜாங்கோ என்னும் தொகுதியோ 2013-ஆம் ஆண்டிலேதான், அதுவும் சோதனை முறையாக, இடந்தந்தது. தொகுதியை எழுதுவோர், பயன்படுத்துவோர் மாறாதபோது யாம் மாறுவது யாருக்காக என்றனர். பயன்படுத்துவோர், தொகுதி மாறாதபோது யாம் மாறுவது எங்ஙனம் என்றனர். குறுகிய தெருவில் எதிரெதிரே வந்த இரு வண்டிகள், நீ முன்னே விலகு, நீ முன்னே விலகு என்று நின்ற கதையாயிற்று.

இரண்டாவது காரணம், பழையது கெட்டுப்போகவில்லை. மூன்றாம் பதிப்பு வந்த பின்னும், 2010-ஆம் ஆண்டு ஜூலையில் 2.7 என்னும் கிளை வெளிவந்தது. புதிய பதிப்பின் நலங்கள் சில அதனுள்ளும் புகுத்தப்பட்டன. அது நன்கு உழைத்தது. ஆனால் 2008-இல் வந்த 3.0 பதிப்போ முந்தைய 2.5-ஐ நோக்க ஒரு சோதனையிற் பத்து விழுக்காட்டளவு விரைவு குறைந்திருந்ததென அதனை வெளியிட்டோரே உரைத்தனர். கோப்புகளைப் படித்தலும் எழுதலும் மிகத் தாமதப்பட்டமையின், அப்பகுதியை 2009-இல் வந்த 3.1 பதிப்பில் ‘சி’ மொழியில் மீண்டும் எழுதவேண்டியதாயிற்று. உழைத்து மாறியவனுக்கு முதற்கண் கிடைத்தது விரைவுக்குறைவே எனின், எவர்தாம் முன்வருவர்? இயங்குதளங்களும் பழையதையே உடன்வழங்கின. வணிக நிறுவனங்கள் பெரிதும் நம்பும் ரெட் ஹாட் லினக்ஸின் ஏழாம் பதிப்பு 2014-இல் வெளிவந்தபோதும் அதனோடு வந்தது பைத்தான் 2.7 ஆகும். ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளிலிருந்து பழைய பைத்தானை நீக்கியது 2022-ஆம் ஆண்டில்.

மூன்றாவது காரணம் நுட்பமானது. பைத்தான் மொழியில் ஒரு பெயர் எவ்வகைப் பொருளைக் குறிக்கும் என்பதை நிரலர் முன்கூட்டி எழுதிவைத்தல் கட்டாயமன்று. நிரல் இயங்கும்போதே அது தெளிவுறும். கற்போர்க்கு இஃதோர் எளிமை. ஆயினும், நிரலில் உள்ள ஒரு சரம் எழுத்தா பைட்டா என்பது அதனைப் பார்த்த அளவில் விளங்காது. எழுதியவன் கருத்தை அறிந்தாலன்றித் தெளியவொண்ணாது. பழைய நிரலைப் புதியதாக்கும்பொருட்டு ‘2-இலிருந்து-3’ என்னும் பொருள்படப் பெயரிய கருவி ஒன்று தரப்பட்டது. அது ‘பிரிண்ட்’ போன்றவற்றைத் தானே திருத்தும். எழுத்தா பைட்டா என்னும் வினாவிற்கு விடைகாண அதனாலியலாது. ஒரு சுவடியில் சொற்பிரிப்பைப் பொறியால் செய்யலாகும். இருபொருள்படும் இடத்தில் ஆசிரியன் கருதிய பொருள் இன்னதெனத் துணிதல் உரையாசிரியன் தொழில். அத்தொழிலை, எழுதியவர் பணிவிட்டுச் சென்ற பழைய நிரல்களில், பின்வந்தோர் செய்யவேண்டியதாயிற்று.

இவற்றோடு, மாற்றத்தை வகுத்தோர் கருதிய வழியும் தொடக்கத்தில் வழங்குவோரின் நிலைக்குப் பொருந்தவில்லை. பழைய நிரலை ஒருமுறை கருவியால் மாற்றிவிட்டுப் புதியதிலேயே தொடர்வர் என்று அவர்கள் எண்ணினர். துணைத்தொகுதி எழுதுவோர்க்கோ இரு பதிப்புகளிலும் வாழும் மக்கள் இருந்தனர். ஒரு சாராரைக் கைவிட அவர்களால் இயலவில்லை. ஆதலின் ஒரே நிரல் இரு பதிப்புகளிலும் இயங்குமாறு எழுதும் வழியை அவர்கள் தாமே கண்டனர். அதற்குத் துணைசெய்ய எழுந்த சிறுதொகுதி ஒன்றின் பெயர் ‘சிக்ஸ்’, அஃதாவது ஆறு. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு என்னும் நயம்பற்றி அப்பெயர் வந்தது.

மொழியை ஆக்கியோரும் நாளடைவில் இதனை உணர்ந்து இறங்கிவந்தனர். பழைய பதிப்பில் யூனிகோடு சரத்தின்முன் இடப்பட்டுவந்த ‘யு’ என்னும் அடையாளம் புதிய பதிப்பில் தேவையற்றதென நீக்கப்பட்டிருந்தது. இரு பதிப்புக்கும் பொதுவாக எழுதுவோர்க்கு அந்நீக்கம் பெருந்தடையாயினமையின், 2012-இல் வந்த 3.3 பதிப்பில் அதனை மீண்டும் ஏற்றனர். பைட்டுகளை வார்ப்புருவில் நிரப்பும் பழைய வசதியையும் 2015-இல் வந்த 3.5 பதிப்பில் திருப்பித் தந்தனர். இலக்கணத்தின் தூய்மை சிறிது குறைந்தது. கடப்பதற்குப் பாலம் கிடைத்தது. அதே வேளையில் ஒரு கதவை உறுதியாக அடைத்தனர். 2.8 என்னும் கிளை ஒருநாளும் வாராது என 2011-இலேயே எழுத்தில் அறிவித்தனர். 2.7-இன் பேணுதலை 2015-இல் நிறுத்துவதென முதலில் குறித்திருந்தனர். பலர் இன்னும் கடக்கவில்லை என்பதைக் கண்டு, 2014-இல் அந்நாளை 2020-க்கு ஒத்திவைத்தனர். அருளும் உறுதியும் ஒருங்கே வேண்டும் இடம் இதுவே. தவணை தரலாம், தவணைக்கு முடிவில்லை என்று தோன்றவிடலாகாது.

பாலமும் தவணையும் மட்டும் போதா. அக்கரையில் பெறத்தக்கது ஒன்று இருத்தலும் வேண்டும். 2015-இன் 3.5 பதிப்பில், பல வேலைகளை ஒன்றுக்காக ஒன்று காத்துக்கிடவாமல் நடத்துதற்குரிய புதிய சொற்கள் மொழியில் சேர்ந்தன. 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த 3.6 பதிப்பில், சரத்தினுள்ளேயே மதிப்புகளை எழுதும் எளிய முறை வந்தது. இவை பழைய பதிப்பிற்கு வழங்கப்படவில்லை. ஆசை அச்சத்தை வென்றது. இன்ஸ்டாகிராம் நிறுவனம் 2017-இல் புதிய பதிப்பிற்கு மாறியது. ஜாங்கோ, அவ்வாண்டு டிசம்பரில் வந்த தன் 2.0 பதிப்பில் பழைய பைத்தானைக் கைவிட்டது. நம்பையும் 2019-இல் அங்ஙனமே செய்தது. ஈண்டு ஒன்று நினைவுகூரத்தக்கது. பைத்தானை ஆக்கிய வான் ரோசம் 2013 முதல் டிராப்பாக்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்தார். அந்நிறுவனம் மக்கள் கணினிகளில் இயங்கும் தன் நிரலைப் புதிய பதிப்பிற்கு மாற்றி முடித்தது 2018-ஆம் ஆண்டிலேதான். ஆக்கியோன் உடனிருந்த இல்லத்திலேயே இத்துணை உழைப்பு வேண்டியதாயின், ஏனையோர் தாமதத்தைக் குறைகூறுவார் வாயடங்குவர் என்க. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் 2.7.18 என்னும் இறுதி வெளியீட்டோடு பழைய பைத்தான் வரலாறாயிற்று.

இம்மாற்றம் தோல்வி என்பார் சிலர். பிறமொழிகளின் கதையோடு ஒப்பிடின் உண்மை விளங்கும். பெர்ல் என்னும் மொழியின் ஆறாம் பதிப்பு 2000-இல் அறிவிக்கப்பட்டு 2015-இல் வெளிவந்தது. அதற்குள் அது ஐந்தாம் பதிப்பினின்று பெரிதும் விலகி வேறொரு மொழியே ஆயினமையின், 2019-இல் ராகு எனப் பெயரையே மாற்றிக்கொண்டது. பெர்லின் ஐந்தாம் பதிப்போ தன் வழியே தொடர்ந்தது. பி.எச்.பி. மொழியின் ஆறாம் பதிப்பு யூனிகோடு எழுத்தை அகத்தே ஏற்க முயன்று, வெளிவராமலே கைவிடப்பட்டது; அவ்வெண்ணையே தாண்டி ஏழாம் பதிப்பு 2015-இல் வந்தது. மூன்று மொழிகள் பெருமாற்றத்தை மேற்கொண்டன. ஒன்று இரண்டாகப் பிரிந்தது, ஒன்று பின்வாங்கியது, பைத்தான் ஒன்றே, நெடுநாட் கழித்தேனும், தன் மக்களோடு அக்கரை சேர்ந்தது.

மாற்றத்திற்குத் தயங்குவது நிரலர்க்கே உரிய குணமன்று. நம் திருச்சபைகளிலும் இதனைக் காண்கின்றோம். 1871-ஆம் ஆண்டின் தமிழ் வேதாகமம் வந்த பின்னரும், பதினெட்டாம் நூற்றாண்டிற் பப்ரிசியுஸ் ஐயர் செய்த மொழிபெயர்ப்பை லுத்தரன் சபையார் நெடுங்காலம் போற்றிப் படித்துவந்தனர். 1995-இல் திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்பாய் வெளிவந்த பின்னரும், சீர்திருத்தச் சபையார் பலரின் கையிலிருப்பது அவ்வேதாகமத்தின் வழிவந்த பழைய நடையே. மனப்பாடம் செய்த வசனங்களும், அவற்றைத் தழுவிய பாட்டுகளும், பிரசங்கங்களும், உரைகளும் ஒரு மொழிபெயர்ப்பைச் சுற்றிப் படர்ந்திருக்கும்போது, அதனைமட்டும் பிரித்தெடுத்தல் எளிதன்று. துணைத்தொகுதிகள் என யாம் மேலே கூறியது இத்தகைய படர்ச்சியையே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, பழைய வடிவில் அச்சிட்ட நூல்களும் புதிய வடிவில் அச்சிட்டனவும் ஒரே அலமாரியில் அமர்ந்தன. படிப்பவன் இரண்டையும் படித்தான். மனிதன் பழைய னை வடிவைக் கண்டாலும் புதிய னை வடிவைக் கண்டாலும் பொருளை உணர்வான். கணினிக்கு அப்பெருந்தன்மை இல்லை. அதன்முன் ஓரடைப்புக்குறி குறைந்தாலும் குறைந்ததே. ஆகவே, மனிதர் மொழியில் தலைமுறைகளின் பொறுமையால் தானே நேரும் இணக்கத்தை, பொறியின் மொழியில் மனிதரே உழைத்து உண்டாக்கவேண்டியுள்ளது.

அவ்வுழைப்பின் பெரும்பகுதியைச் சுமந்தவர் யார் என்பதையும் எண்ணுதல் வேண்டும். துணைத்தொகுதிகள் பலவும் ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் எழுதுவோரால் பேணப்படுவன. மாற்றத்தை விதித்தோர் சிலர். அதற்காக இரவு விழித்தோர் ஆயிரவர். அவர்கள் முணுமுணுத்தது நேரியதே. ஆயினும், மறுபுறத்து நியாயத்தையும் நிறுத்துப் பார்ப்போம். பழைய முறையே நிலைத்திருப்பின் சுமை நீங்கியிராது. வேறு தோளுக்கு மாறியிருக்கும். அந்த 128 குறிகளுக்குள் தம் மொழி அடங்கியோர் இன்புற்றிருப்பர். அடங்காதோர் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நிரலிலும், தம் பெயரெழுதும் இடத்திலேயே இடறியிருப்பர். பலரறியாது என்றென்றும் நிகழும் இடரைக் காட்டிலும், யாவருமறிய ஒருமுறை நிகழும் இடர் சிறந்தது என்பதே எம் துணிபு. புதிய பைத்தானில் நிரலுள் வழங்கும் பெயர்களையும் தமிழெழுத்திலேயே எழுதலாம் என்பது, இத்துறையில் ஈடுபட விழையும் தமிழ் மாணவர் அறிதற்குரியது. பழைய பதிப்பு அதற்கு இடந்தந்ததில்லை.

எஞ்சியது அந்த ஐந்துக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட தொலைவு. மகரத்தையும் இகரக்குறியையும் இரண்டாக எண்ணுவது யூனிகோட்டின் வழக்கு. ‘மி’ என்பதை உயிர்மெய்யாகிய ஓரெழுத்தென்பது நம் இலக்கணத்தின் வழக்கு. செய்யுளின் சீரும் தளையும் பொறியால் ஆராயப்படவேண்டுமாயினும், ஒரு காப்பியத்தின் சொற்கள் அகரவரிசைப்படுத்தப்படவேண்டுமாயினும் நம் வழக்கே கணினிக்குக் கற்பிக்கப்படுதல் வேண்டும். ‘ஓபன்-தமிழ்’ என்னும் இலவசத் துணைத்தொகுதி பைத்தானில் இப்பணியைத் தொடங்கியுள்ளது. அதனைக் கொண்டு வினவின், ‘தமிழ்’ மூன்றெழுத்தே என்று விடை வரும். ஆம்ஸ்டர்டாமில் பிறந்த மொழி எழுத்தையும் பைட்டையும் பிரித்துத் தந்தது. எழுத்து இன்னதென்று அதற்குச் சொல்ல வேண்டியவர் அவ்விலக்கணத்தைப் பயின்றவரே. நம் கல்லூரியில் கணினி பயில்வோரும் தமிழ் பயில்வோரும் ஒரு மேசையில் அமர்ந்து செய்யத்தக்க வேலை இது. அதற்கு இன்னும் பதினோராண்டு காத்திருக்க வேண்டுவதில்லை.